கதிரும் ஒளியும்: மயிர் நீக்கத்தின் வரலாற்றில் சில பிழை நம்பிக்கைகள்

‘மயிர்’ என்ற சொல்லை அச்சில் எழுத நாம் இன்றும் சற்றுத் தயங்குகிறோம். வள்ளுவர் கூசாமல் கையாண்ட ஒரு சொல் எப்போது வசையாகத் தாழ்ந்தது என்பது மொழியியலாளர்கள் ஆராய வேண்டிய செய்தி. ‘முடி’ என்று நாகரிகமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் ‘முடி’ தலையில் இருப்பது. முகத்திலும் கையிலும் காலிலும் இருப்பதைச் சொல்ல அது போதவில்லை. ஆகவே இக்கட்டுரையில் மயிர் என்றே எழுதுவோம். வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

இதை எழுதத் தூண்டியது ஒரு வீட்டில் நடந்த வாக்குவாதம். நம் நண்பர் ஒருவரின் மகளுக்கு வயது இருபத்து நான்கு. சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கலால் மோவாயிலும் கழுத்திலும் தடித்த மயிர் வளர்கிறது. நாள்தோறும் கண்ணாடிமுன் அரைமணி நேரம் சிறுகத்தியும் இடுக்கியுமாகப் போராடிவிட்டு வேலைக்குச் செல்கிறவள், லேசர் சிகிச்சை செய்துகொள்ள விரும்பினாள். அத்தை, “அந்தக் கதிரு பட்டா புத்துநோய் வரும், கர்ப்பப்பை கெட்டுப்போகும்” என்றார். சித்தப்பா மகள், “ஒரே தடவைதான்க்கா, அப்புறம் ஜென்மத்துக்கும் வராது” என்றாள். பாட்டி, “கத்தி வெச்சதாலதான் இவ்வளவும், மஞ்சளோட நிறுத்தியிருக்கணும்” என்று முடித்தார். பக்கத்து வீட்டுக்காரரின் பங்கு, “நம்ம கறுப்புத் தோலுக்கு அதெல்லாம் ஆகாது” என்பது. நண்பர் நம்மிடம் வந்து, “இதில் எது உண்மை?” என்று கேட்டார்.

சொல்லப்பட்டபடி பார்த்தால் நான்கில் எதுவும் உண்மை இல்லை. ஆயினும் தேடத் தேட ஒன்று புலப்பட்டது. கத்தியைப் பற்றிய பாட்டியின் நம்பிக்கை ஒன்றைத் தவிர, ஏனைய மூன்றும் வெறுங்கற்பனைகள் அல்ல. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு காலத்தில் உண்மையாகவே நடந்த ஏதோ ஒன்று இருக்கிறது. அந்த வரலாற்றைச் சொல்லாமல் ‘இது மூடநம்பிக்கை’ என்று ஒதுக்குவது அத்தைக்குச் செய்யும் அநீதி.

மயிர் நீக்கும் வேதியியல் பழையது. மேற்காசியக் குளியலறைகளில் பல நூற்றாண்டுகளாகப் பூசப்பட்ட களிம்பு, சுண்ணாம்பையும் ஆர்சனிக் சேர்ந்த மஞ்சள் நிறத் தாது ஒன்றையும் குழைத்துச் செய்யப்பட்டது. அத்தாதுவுக்கு நம் மொழியில் பெயர் உண்டு: அரிதாரம். கூத்துக்கலைஞர்கள் முகத்தில் பூசிக்கொண்ட அதே அரிதாரம்தான். பிற்காலத்தில் ஒப்பனை முழுவதற்குமே அது பெயராயிற்று. முகத்துக்கு நிறம் கூட்டிய பொருளே, சுண்ணாம்போடு சேர்ந்தால் மயிரைக் கரைக்கும் காரமாக மாறும். மயிரின் புரதத்தைக் கட்டி வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை அது அறுத்துவிடுகிறது. சற்று நேரம் கூடினால் தோலையும் அரித்துவிடும். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் தொழிலில் தோலின் மயிரை உதிர்க்கச் சுண்ணாம்பும் சல்பைடும் சேர்த்த தொட்டிகளைப் பயன்படுத்துவதும் இதே வேதியியல்தான். இன்று கடையில் கிடைக்கும் களிம்புகளில் ஆர்சனிக் இல்லை. வேறொரு கந்தகச் சேர்மம் அந்த வேலையைச் செய்கிறது. எதுவாயினும் தோலுக்கு மேலே தெரியும் தண்டை மட்டுமே அது கரைக்கும். வேர் அப்படியே இருக்கும்.

வேரை அழிக்கும் முதல் முயற்சி அழகுக்காக நிகழவில்லை. 1875-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சார்லஸ் மிஷெல் என்ற கண் மருத்துவர், உள்நோக்கி வளர்ந்து விழியை உராயும் இமை மயிர்களால் துன்புற்றவர்களுக்காக ஒரு வழி கண்டார். மெல்லிய ஊசியை மயிர்க்காலுக்குள் நுழைத்து நேர்மின்னோட்டத்தைச் செலுத்தினால், அங்குள்ள உப்புநீர் பகுக்கப்பட்டுக் காரம் உண்டாகி வேரை அழித்துவிடும். மின்பகுப்பு என்ற இந்த முறை இன்றும் இருக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ‘நிரந்தர நீக்கம்’ என்ற சொல்லை அனுமதிப்பது இன்றளவும் இந்த முறைக்கு மட்டுமே. குறை ஒன்றுதான்: ஒவ்வொரு மயிராகச் செய்ய வேண்டும். ஒரு மோவாய்க்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஊசிமுனையின் கீழ் அமர வேண்டும். வலிக்கவும் செய்யும்.

இந்தச் சலிப்புதான் அடுத்து வந்த பேரழிவுக்குக் கதவைத் திறந்தது.

1895 நவம்பரில் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். சில மாதங்களுக்குள், 1896-இல், அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் டேனியல் என்ற இயற்பியலாளர் தம் சக பேராசிரியர் வில்லியம் டட்லியின் மண்டையோட்டைப் படமெடுக்க முயன்றார். இருபத்தொரு நாட்கள் கழித்து, கதிர் பட்ட இடத்தில் டட்லியின் தலைமயிர் வட்டமாக உதிர்ந்தது. செய்தி உலகெங்கும் வேடிக்கையாகப் பரவியது. வியன்னாவில் அதைப் படித்த லியோபோல்ட் ஃப்ராய்ண்ட் என்ற இளம் மருத்துவர் மட்டும் அதை வேடிக்கையாகக் கொள்ளவில்லை. அவரிடம் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி கொண்டுவரப்பட்டிருந்தாள். அவள் முதுகு முழுவதும் பெரிய மயிரடர்ந்த மச்சம். 1896-ஆம் ஆண்டின் இறுதியில் நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம் என்ற கணக்கில் அவள்மேல் கதிரைப் பாய்ச்சினார். பன்னிரண்டாம் நாள் அளவில் மயிர் உதிரத் தொடங்கியது. எக்ஸ் கதிரைக் கொண்டு செய்யப்பட்ட முதல் சிகிச்சைகளுள் ஒன்றென மருத்துவ வரலாறு இதைக் குறிப்பிடுகிறது. ஆக, கதிர்மருத்துவம் என்ற பெருந்துறை தொடங்கியதே மயிர் நீக்கத்தில்தான் என்றால் அது மிகையாகாது.

மயிர் உதிர்ந்ததோடு கதை முடியவில்லை. சிறுமியின் கீழ்முதுகில் புண் உண்டாகி ஆண்டுக்கணக்கில் ஆறாமல் வருத்தியது. அவள் பிழைத்தாள், வளர்ந்தாள், ஒரு மகனைப் பெற்றாள். எழுபது ஆண்டுகள் கழித்து, 1966-இல், வியன்னா மருத்துவர்கள் அவளைப் பரிசோதித்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். முதுகில் தழும்பும், கூன் விழுந்து வலுவிழந்த எலும்புகளும் அதில் பதிவாகியுள்ளன.

கதிரின் ஆபத்து மருத்துவ உலகுக்குத் தெரியாமல் இருந்தது என்று சொல்வதற்கில்லை. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, கைகளை ஒவ்வொன்றாக இழந்து 1904-இல் மாண்டார். அதற்குப் பின் எடிசன் அக்கருவியைத் தொடவே அஞ்சினார். கதிரால் மாண்ட மருத்துவர்களுக்கும் தொழில்நுட்பர்களுக்கும் 1936-இல் ஹாம்பர்க் நகரில் நினைவுத்தூண் நிறுவப்பட்டபோது அதில் 169 பெயர்கள் பொறிக்கப்பட்டன. ஆனால் ஆபத்து ‘மிகை’யில்தான் இருக்கிறது, அளவோடு கொடுத்தால் ஒன்றும் ஆகாது என்ற எண்ணம் வலுவாக இருந்தது. பாரிஸில் சபுரோ என்ற தோல் மருத்துவர், குழந்தைகளின் தலையில் பரவும் படர்தாமரைக்கு எக்ஸ் கதிரால் மயிரை உதிர்த்து மருந்திடும் முறையை 1904 வாக்கில் செம்மைப்படுத்தினார். பூஞ்சையைக் கொல்லும் மாத்திரை 1958-இல் வரும்வரை அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகெங்கும் குழந்தைகள் இவ்வாறு மொட்டையடிக்கப்பட்டனர். இஸ்ரேலில் 1950-களில் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பெருந்தொகையாக இதற்கு ஆட்பட்டனர். அவர்களுள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து ஆராய்ந்த பருக் மோடான் என்ற மருத்துவர், தலையிலும் கழுத்திலும் கட்டிகள் கூடியிருப்பதை 1974-இல் வெளியிட்டார். 1994-இல் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. இது தனிக்கட்டுரைக்கு உரிய துயரம். இங்கே இவ்வளவு போதும்.

அமெரிக்காவுக்குத் திரும்புவோம். ஆல்பர்ட் கெய்சர் நியூயார்க் மருத்துவர். எக்ஸ் கதிர்த் துறையில் ஓரளவு பெயர் பெற்றவர். பாதுகாப்பானது என அவர் நம்பிய ஒரு கதிர்க்குழாயையும் வடிவமைத்தவர். 1920-களின் நடுவில் ‘ட்ரைகோ’ என்ற பெயரில் அவர் ஒரு மயிர் நீக்கக் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். விரைவிலேயே எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட அழகு நிலையங்களில் அது நிறுவப்பட்டது. கருவி மரப்பெட்டிக்குள் மறைந்திருக்கும். பெண் அதன் திறப்புக்கு நேரே கன்னத்தையோ மோவாயையோ வைத்துச் சில நிமிடங்கள் அமர்ந்திருப்பாள். வலியில்லை, வாசனையில்லை, தொடுகைகூட இல்லை. சில வாரங்களில் மயிர் உதிரும். இயக்கியவர்கள் மருத்துவர்கள் அல்லர். குறுகிய பயிற்சி பெற்ற நிலைய ஊழியர்கள்.

வந்தவர்கள் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். அமெரிக்க நகரங்களில் அலுவலகங்களிலும் கடைகளிலும் பெண்கள் வேலைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. கைகளும் கால்களும் தெரியும் உடைகள் பரவிக்கொண்டிருந்தன. முகத்தில் மயிர் உள்ள பெண்ணை ‘அயலாள்’ என்று பார்க்கும் பழக்கம் குடியேறிகளின் நகரங்களில் கூர்மையாக இருந்தது. வீண் அழகுவெறியால் கதிரின்முன் அமர்ந்தார்கள் என்று அவர்களைப் பழிப்பது எளிது. நாம் அதற்கு உடன்படவில்லை. கண்ணாடிமுன் அரைமணி நேரம் போராடும் நம் நண்பரின் மகளை அறிந்தவர்கள் அப்படிப் பழிக்க மாட்டார்கள்.

முதலில் மயிர் உதிர்ந்தது. பிறகு தோல் சுருங்கியது, புள்ளிகள் தோன்றின, வெளிறிய திட்டுகளும் கரும்படலமும் படர்ந்தன, ஆறாப்புண்கள் வந்தன. 1920-களின் பிற்பகுதியில் அமெரிக்க மருத்துவச் சங்கத்துக்குப் புகார்க் கடிதங்கள் குவிந்தன. சங்கம் பகிரங்கமாக எச்சரித்தது. 1930-ஐ ஒட்டி நிறுவனம் மறைந்தது. ஆனால் கதிரின் கணக்கு வேறு. அது பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் காத்திருந்து வட்டியோடு வசூலிப்பது. 1970-இல் வெளியான ஓர் ஆய்வு, கதிரால் விளைந்த புற்றுநோய்க்காக நியூயார்க்கில் அறுவை செய்யப்பட்ட பெண்களுள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரின் நோயை மயிர் நீக்கக் கதிரோடு தொடர்புபடுத்தியது. இளமையில் பெட்டிமுன் அமர்ந்தவர்கள் முதுமையில் கன்னத்தையும் தாடையையும் அறுவைக்குக் கொடுத்தார்கள்.

கதிரிலிருந்து விலகியவர்களும் தப்பிவிடவில்லை. 1930 முதல் சில ஆண்டுகள் ‘கோரெம்லு’ என்ற களிம்பு விற்கப்பட்டது. அதன் சரக்கு தாலியம் என்ற நச்சு உலோகத்தின் உப்பு. எலிப்பாஷாணமாகப் பயன்பட்ட பொருள். பூசியவர்களுக்கு மேலுதட்டு மயிரோடு தலைமயிரும் கொட்டியது. நரம்புகள் தளர்ந்து கால்கள் செயலிழந்தன. அக்கால அமெரிக்கச் சட்டத்தில் அழகுப்பொருட்களைத் தடுக்க வழியே இல்லை. 1938-இல் இயற்றப்பட்ட உணவு, மருந்து, அழகுப்பொருள் சட்டத்துக்கு வாதாடியவர்கள் எடுத்துக்காட்டிய கொடுமைகளுள் கோரெம்லுவும் ஒன்று.

ஆக, அத்தை சொன்ன ‘கதிரு பட்டா புத்துநோய்’ என்பது அமெரிக்காவில் ஒரு தலைமுறைப் பெண்களின் உடலில் எழுதப்பட்ட உண்மை. அது எப்படி லேசருக்கு இடம் மாறியது? நம் மொழியும் இதில் உடந்தை என்றே தோன்றுகிறது. எக்ஸ் கதிர், லேசர் கதிர், கதிர்வீச்சு, கதிரியக்கம் என எல்லாவற்றையும் தமிழில் ஒரே ‘கதிர்’ தாங்குகிறது. ஞாயிற்றின் கதிரும் நெற்கதிரும் கூட அதே சொல்தான். ஆங்கிலத்திலும் நிலைமை பெரிதும் மேலில்லை. 1957-இல் கார்டன் கூல்ட் தம் குறிப்பேட்டில் எழுதிய லேசர் என்ற சுருக்கப்பெயரின் கடைசி எழுத்து, கதிர்வீச்சைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தே. சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று நாம் கொண்டுவிடுகிறோம்.

எண்களைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். எக்ஸ் கதிரின் ஒரு துகள் சுமக்கும் ஆற்றல் பல்லாயிரம் எலெக்ட்ரான் வோல்ட். அது அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெறிந்து, உயிரணுவின் மரபிழையை அறுக்கக்கூடியது. மயிர் நீக்க லேசரின் ஒளித்துகளுக்கு ஏறத்தாழ 1.2 முதல் 1.8 எலெக்ட்ரான் வோல்ட் மட்டுமே. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரைவிடக் குறைவு. அதனால் மரபிழையை அறுக்க இயலாது. சூடாக்க மட்டுமே இயலும். தோலுக்குள் சில மில்லிமீட்டருக்கு மேல் வலுவோடு அது செல்வதும் இல்லை. கர்ப்பப்பை நெடுந்தொலைவில் இருக்கிறது. எனவே அத்தையின் இரண்டு அச்சங்களுக்கும் இங்கே இடமில்லை.

ஆனால் லேசரில் அஞ்ச வேண்டிய ஒன்று உண்டு. அதைப் பற்றி அந்த வீட்டில் யாருமே பேசவில்லை. அது கண். இவ்வொளி விழித்திரை வரை ஊடுருவிச் செல்லும். விழியின் ஆடியே அதைக் குவித்துக் கொடுத்துவிடும். நோயாளியும் இயக்குபவரும் உரிய கண்காப்பு அணியாமலோ, புருவத்துக்கு அருகே துணிச்சலாகவோ செய்யப்பட்ட சிகிச்சைகளில் கண்ணுக்கு ஊறு நேர்ந்ததை மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன.

லேசரின் கதைக்கு வருவோம். 1960 மே 16 அன்று கலிபோர்னியாவில் தியோடர் மைமன் ஒரு மாணிக்கத் தண்டிலிருந்து முதல் லேசர் ஒளியைப் பெற்றார். 694 நானோமீட்டர் அலைநீளம், ஆழ்ந்த சிவப்பு. சில ஆண்டுகளுக்குள் சின்சினாட்டியின் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் அதை மனிதத் தோலில் சோதித்தார். கரிய நிறமி உள்ள இடங்களை அவ்வொளி கூடுதலாகத் தாக்குவதை 1963-இல் எழுதினார். எனினும் கருத்துத் தெளிவு பிறக்க இருபது ஆண்டுகள் சென்றன. 1983-இல் பாஸ்டன் நகரில் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் எழுதிய கட்டுரை இத்துறையின் அடித்தளம். எதை அழிக்க விரும்புகிறோமோ அது விரும்பி உறிஞ்சும் நிறத்தில் ஒளி இருக்க வேண்டும். அந்த வெப்பம் சுற்றிலும் பரவுவதற்குள் துடிப்பு முடிந்துவிட வேண்டும். கத்தி இடத்தைத் தேர்ந்து வெட்டுகிறது. இவ்வொளி நிறத்தைத் தேர்ந்து சுடுகிறது. அவர்கள் மனத்தில் முதலில் இருந்தது மயிர் அல்ல. குழந்தைகளின் முகத்திலுள்ள செந்நிற இரத்தநாள மச்சங்கள்.

மயிரில் உள்ள கரிய நிறமியான மெலனின் இங்கே இலக்காயிற்று. நரைமயிரை லேசர் தொடாமல் விடுவதற்கும் அதுவே காரணம். சுடுவதற்கு அங்கே கருமை இல்லை. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. மயிரை மீண்டும் மீண்டும் முளைக்க வைக்கும் மூல உயிரணுக்கள் அடிக்குமிழில் இருப்பதாகவே நெடுங்காலம் நம்பினர். மயிர்க்காலின் நடுவே புடைத்திருக்கும் ஒரு பகுதியில் அவை குடியிருப்பதை 1990-இல் கோட்சரெலிஸ் குழுவினர் காட்டினர். அப்பகுதியில் கருமை மிகக் குறைவு. எனவே கரிய தண்டு சூடேறி, அச்சூடு பக்கத்துச் சுவருக்குப் பரவி, அங்குள்ள வெளிறிய மூல உயிரணுக்களைக் கொல்ல வேண்டும். தண்டு என்பது திரி. அழிய வேண்டியது திரியை அடுத்துள்ள சுவர். சிகிச்சைக்குச் செல்லுமுன் மயிரைப் பிடுங்கக் கூடாது, மழிக்கலாம் என்பதன் காரணம் இதுவே. பிடுங்கினால் திரியே இராது. நூல் கட்டியும் மெழுகு வைத்தும் ‘சுத்தமாக’ வந்து படுப்பவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள். கத்தியைக் கண்டு அஞ்சுபவர்களே பெரும்பாலும் இந்தத் தவறைச் செய்கிறார்கள் என்பது வேடிக்கை.

கத்தியைப் பற்றிய பாட்டியின் நம்பிக்கையை இங்கேயே முடித்துவிடலாம். மிஷெலின் ஊரான அதே செயின்ட் லூயிஸில், மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூற்றியலாளர் மயிர் வளர்ச்சியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். பிற்காலத்தில் இரண்டாம் உலகப்போரில் மாண்ட வீரர்களை எலும்புகளைக் கொண்டு அடையாளம் காண உதவியவரும் இவரே. மழித்த மயிரைச் சேகரித்து உருப்பெருக்கியில் அளந்து, மழிப்பதால் மயிரின் தடிப்போ நிறமோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று 1928-இல் வெளியிட்டார். இயல்பாக வளர்ந்த மயிரின் நுனி கூர்ந்து மென்மையாக இருக்கும். கத்தி அதைத் தட்டையாக வெட்டுவதால் முரடாகத் தோன்றுகிறது. ஏறத்தாழ நூறாண்டுகளாக இந்த விடை கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. பாட்டிகள் வரை போய்ச் சேரவில்லை. பதின்வயதில் மயிர் இயல்பாகவே தடிக்கும் பருவத்தில்தான் பெண்கள் முதன்முதலில் கத்தி எடுக்கிறார்கள். பழி கத்தியின்மேல் விழுந்துவிடுகிறது.

‘ஜென்மத்துக்கும் வராது’ என்பது எங்கிருந்து வந்தது? சந்தையிலிருந்து. 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் லேசர் மயிர் நீக்க முறை, கரித்துகள் கலந்த எண்ணெயைத் தோலில் தேய்த்து, மயிர்க்காலுக்குள் இறங்கிய கரியை அகச்சிவப்பு லேசரால் சுட்டது. கருத்து அழகானது; கரி போதிய ஆழம் இறங்கவில்லை. அந்நிறுவனம் ஆடம்பர நிலையங்களைத் திறந்தது, கூட்டம் மொய்த்தது, சில மாதங்களில் மயிர் திரும்பி வந்தது, வாடிக்கையாளர்களின் சினமும் உடன் வந்தது. மறு ஆண்டு, 1996-இல், ஆண்டர்சனின் குழுவினர் கரியில்லாமல் மயிரின் சொந்தக் கருமையையே நம்பி, மாணிக்க லேசரால் 13 தன்னார்வலர்களிடம் செய்த சோதனையை வெளியிட்டனர். எல்லோரிடமும் வளர்ச்சி தாமதப்பட்டது. சிலரிடம் இரண்டாண்டுகளுக்குப் பின்னும் அந்த இடம் மயிர் அருகியே காணப்பட்டது. இன்றைய கருவிகளெல்லாம் இந்தச் சோதனையின் வழிவந்தவை.

அமெரிக்க நிர்வாகம் இதற்கு வழங்கிய சொல் ‘நிரந்தரக் குறைப்பு’. ‘நிரந்தர நீக்கம்’ அல்ல. சிகிச்சை முடிந்த பின் மீண்டும் முளைக்கும் மயிர்களின் எண்ணிக்கை, நெடுங்காலம் நிலையாகக் குறைந்திருத்தல் என்பது அதன் வரையறை. விளம்பரப் பலகைக்கு வரும்போது ‘குறைப்பு’ காணாமல் போய் ‘நிரந்தரம்’ மட்டும் எஞ்சுகிறது. உடலின் மயிர்கள் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. ஒரு பகுதி வளர, ஒரு பகுதி உறங்கும். உறங்கும் மயிர்க்காலில் ஒளிக்கு உரிய திரி இராது. அதனால் நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் ஆறு, எட்டு அமர்வுகள் தேவைப்படுகின்றன. ஒரே தடவையில் முடித்துத் தருவதாக எவரேனும் சொன்னால் எழுந்து வந்துவிடுவதே நல்லது.

நண்பரின் மகளுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அவள் மோவாயில் மயிரை வளர்ப்பது அவளுடைய ஹார்மோன். நாம் பிறக்கும்போதே உடலில் ஏறக்குறைய ஐம்பது லட்சம் மயிர்க்கால்கள் அமைந்துவிடுகின்றன. பிறகு புதிதாக உருவாவதில்லை. முகத்தில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாத பூமயிரைத் தருபவை. ஹார்மோன் மிகும்போது அப்பூமயிர்க்கால்கள் ஒவ்வொன்றாகத் தடித்த மயிரை வளர்க்கத் தொடங்குகின்றன. இன்று லேசர் ஐம்பதை அழித்தால் நாளை வேறு ஐம்பது விழித்தெழலாம். சிகிச்சை தோற்றுவிட்டதாக அவள் நினைப்பாள். உண்மையில் மூலக்காரணம் தொடப்படவில்லை. ஹார்மோனுக்கான மருத்துவம் உடன் நடக்க வேண்டும். தவிர, கழுத்திலும் தாடையோரத்திலும் லேசர் பட்ட இடத்தைச் சுற்றிச் சிலருக்கு மயிர் கூடுதலாக வளர்வதும் உண்டு. 2000-களின் தொடக்கத்திலிருந்து மருத்துவ ஏடுகள் இந்த முரண்விளைவைப் பதிவு செய்துவருகின்றன. தெற்காசியர், மேற்காசியர், நடுநிலக்கடல் பகுதியினர் ஆகியோரின் முகத்தில் அது அதிகம் காணப்படுகிறது. எத்தனை நிலையங்கள் இதைச் சொல்லிவிட்டுப் பணம் வாங்குகின்றன?

இறுதியாக, ‘கறுப்புத் தோலுக்கு ஆகாது’. இதுவும் ஒரு காலத்தில் உண்மை. மாணிக்க லேசர் கருமையைத் தேடுவது. மயிரின் கருமைக்கும் தோலின் கருமைக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. வெளிறிய தோலில் கரிய மயிர் என்பதே அதற்கு வாய்த்த களம். பழுப்புத் தோலில் அது கொப்புளமும் திட்டும் உண்டாக்கியது. பின்னர் 755 நானோமீட்டர், 810 நானோமீட்டர், இறுதியில் 1064 நானோமீட்டர் என அலைநீளம் கூடக் கூட, மெலனின் ஒளியை உறிஞ்சுவது குறைந்து ஆழம் கூடியது. துடிப்பை நீட்டவும் மேல்தோலைக் குளிர்விக்கவும் கற்றுக்கொண்டனர். இன்று நம் போன்ற தோலுக்கு 1064 நானோமீட்டர் லேசரே பாதுகாப்பில் முந்தியதாகக் கொள்ளப்படுகிறது. பயிற்சி பெற்றவர் கையில் 810 நானோமீட்டரும் பயன்படுகிறது.

இந்த அறிவு தாமதமாக வந்ததற்குக் காரணம் இயற்பியல் மட்டுமல்ல. உலகெங்கும் மருத்துவர்கள் தோலை வகைப்படுத்தப் பயன்படுத்தும் அளவுகோலை ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-இல் வகுத்தபோது அதில் நான்கு வகைகளே இருந்தன. நான்கும் வெள்ளையரின் தோல். வெயிலில் சிவக்குமா, கறுக்குமா என்பது கேள்வி. பழுப்பும் கறுப்பும் ஐந்து, ஆறு எனப் பிறகு சேர்க்கப்பட்டன. மனிதர்களில் பெரும்பாலோர் பிற்சேர்க்கையானது இப்படித்தான். வெள்ளைத் தோலுக்கு வகுத்த அளவில் ஆற்றலைக் கூட்டிவைத்து நம் தோலைச் சுடும் நிலையங்கள் இன்னும் இருக்கின்றன. லேசரே அல்லாத, பல நிறங்கள் கலந்த மின்னொளி விளக்கை லேசர் என்று சொல்லிப் பயன்படுத்தும் நிலையங்களும் இருக்கின்றன. அத்தகைய கலப்பொளி பழுப்புத் தோலுக்கு ஆபத்து மிகுந்தது.

இவற்றையெல்லாம் நண்பரிடம் சொன்னோம். அவர் மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு நான்கு கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டாள். கருவியின் அலைநீளம் என்ன? இயக்கப்போவது மருத்துவரா, ஊழியரா? முதலில் காதுக்குக் கீழே சிறிய இடத்தில் சோதித்துப் பார்த்துச் சில வாரங்கள் காத்திருப்பார்களா? முரண்வளர்ச்சி நேர்ந்தால் என்ன செய்வார்கள்? முதலில் சென்ற நிலையத்தில் முதற்கேள்விக்கே விடை வரவில்லை. தள்ளுபடி விவரம்தான் வந்தது. திரும்பிவிட்டாள். இரண்டாவதாகப் பார்த்த தோல் மருத்துவர் நான்குக்கும் விடை சொன்னார். ஹார்மோன் பரிசோதனைக்கும் எழுதிக்கொடுத்தார். அத்தை உடன் சென்றிருந்தார். ட்ரைகோ பெட்டியின் கதையை அவருக்கும் சொல்லியிருந்தோம். காத்திருந்த நேரத்தில் சுவரில் மாட்டியிருந்த கண்காப்புகளைக் காட்டி, “அதை அவளுக்குப் போடுவீங்கள்ல?” என்று செவிலியரிடம் இரண்டு முறை கேட்டாராம்.